ரெண்டு உருண்டை

மார்ச் 4, புதன்

உங்கள் டைரியில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜனவரி ஒன்றிலிருந்து அணையின் நீர்மட்டத்தையும் மதகு வேலையையும் மட்டும் எழுதி வைத்திருக்கிறீர்கள். கட்டின பெண்டாட்டி பேர் ஒரு பக்கத்திலாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். ம்ஹூம். ‘கீழ் மதகுக்கு கிரீஸ் போட்டது’ என்று இருக்கிறது, ‘கமலவேணி’ என்று எங்கேயும் இல்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தின் லட்சணம் இது. நீங்கள் திரும்பி வரும்வரை நடப்பதை நான் எழுதி வைக்கிறேன். வந்து படித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டிய லாரி டிரைவர் ஊரைவிட்டு ஓடிவிட்டான். வரிசையில் ஒரு ஆள் குறைந்தால் அதற்கு ஈடாக அந்த இடத்தின் இந்தப் பக்கம் நிற்பவர் ஒருவர், அந்தப் பக்கம் நிற்பவர் ஒருவர் மேலே போக வேண்டும். அது கம்பளிகள் போட்ட சட்டம். இந்தப் பக்கம் நீங்கள். அந்தப் பக்கம் எதிர்வீட்டு ஜெயமணியின் வீட்டுக்காரர் சம்முவம். நான் ஆறேழு பேர் தள்ளி நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். வேறென்ன செய்ய முடிந்தது என்னால்?

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். நமக்குத்தான் பிள்ளை இல்லை, ஊர்ப் பிள்ளைகளாவது பின்னால் படிக்கட்டும். பொங்கல் முடிந்த வாரம் வந்தவை இந்தக் கம்பளிகள். நனைத்துப் பிழியாமல் கொடியில் போட்ட கம்பளி மாதிரி இருக்கும், ஆனால் கொடி இருக்காது; சும்மா காற்றில் தொங்கும். கண் இல்லை, காது இல்லை, வாய் இல்லை. நம் செங்கரடு அணைக்கு நேர் மேலே மலை அளவுக்குக் கூடு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் வேரைத் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறார்கள். விமானம் வந்தது, விழுந்தது. ராணுவம் வந்தது, போன இடம் தெரியவில்லை. கரண்டும் போனும் அன்றைக்கே போயின. தினமும் காலையில் ஊர் முழுக்க அணை மேல் சாலையில் தெருவாரியாக நிற்க வேண்டும். அவை தலைக்கு மேலேயே ஊர்ந்து எண்ணிக்கொண்டு போகும். எதற்கு எண்ணுகிறார்கள், எதற்கு நம்மை வைத்திருக்கிறார்கள், யாருக்கும் தெரியாது. கோழியைக் கேட்டா நாம் பண்ணை நடத்துகிறோம்?

மார்ச் 5, வியாழன்

சாயங்காலம் தெருவில் களி போட்டுக்கொண்டு போனார்கள். களி என்று நாம் வைத்த பேர்தான். சாம்பல் நிறத்தில், உப்பு உறைப்பு எதுவும் இல்லாமல் ஒரு உருண்டை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை உருண்டை வாசலில் விழும்.

நம் வாசலில் ரெண்டு.

உங்கள் உருண்டையை உங்கள் தட்டில் வைத்து மூடியிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

ஜெயமணி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“அக்கா, அவரு துணிமணியெல்லாம் அலசி வெளிய போட்டுட்டனுங்க. காரியம் முடிக்கோணுமில்ல. நீங்களும் அண்ணன் துணிய எடுத்துப் போட்டுருங்க. போனவிய துணிய ஊட்டுல வெச்சிருக்கப்படாதுங்க.”

“சாகாதவருக்கு எதுக்குடி காரியம்?”

“மேல போனவிய யாருக்கா திரும்பி வந்தாங்க?”

“உன்ற வாசல்ல எத்தன உருண்ட போடறான்?”

“ஒண்ணுதானுங்க.”

“எனக்கு ரெண்டு. அவுருதான் இல்லயே, எதுக்கு ரெண்டு போடறான்? திரும்பி அனுப்பற எண்ணம் இருக்கறதாலதான? போ, போய் வேலயப் பாரு.”

அவள் போய்விட்டாள். எனக்கு இந்த வாய் ஒன்று போதும், வேறு எதிரி வேண்டாம். மனசு கேட்காமல் உங்கள் உருண்டையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். “அண்ணனோட பங்கு. வந்து கேட்டா நீதான் பதில் சொல்லோணும்” என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். இனி தினமும் அவளுக்கே கொடுத்துவிடப் போகிறேன். வீணாகத்தானே போகிறது.

சனிக்கிழமை நீங்கள் கழற்றிப் போட்ட பச்சைக் கட்டம் போட்ட சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்படியே தொங்குகிறது. காலரில் அழுக்கு, கையில் கிரீஸ், முதுகில் உப்புப் பூத்திருக்கிறது. அழுக்குத் துணி ஒரு ராத்திரி வீட்டில் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது என்று ஊருக்கே தெரியும். இதை மட்டும் துவைக்கவில்லை. சோப்பு குறைவாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தபோது ரப்பர் செருப்பு ஒன்று மிதந்து வந்தது. நீல வார். வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. இந்த ஊரில் செருப்பு அறுந்தால் ஊக்கு குத்தாத ஆம்பளை யார்? ஒரு கல்லை எடுத்து எறிந்தேன், அந்தப் பக்கமாகப் போய்விட்டது.

இனிமேல் கிணற்றடியில் துவைத்துக்கொள்கிறேன். படித்துறை வழுக்குகிறது.

மார்ச் 28, சனி

இன்று ஒரு அதிசயம். ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் பயந்துபோய்க் கரட்டுக் குன்றின் மேலே ஓடியிருக்கிறான். ஒரு கம்பளி துரத்திக்கொண்டே போயிருக்கிறது. உச்சி வெயில். தண்ணீரைவிட்டு அவ்வளவு தூரம் போனதில் பாதி வழியிலேயே விறைத்து, சுருண்டு, அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்துவிட்டதாம்.

ரிஸ்வானா மேடம் அந்தத் தூளை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார். ‘புதுசா வந்த ஏ.ஈ. இன்ஜினியரு, சின்னப் புள்ள, ஆனா கெட்டிக்காரி’ என்று சொல்வீர்களே, அவர்தான். பூட்டிக் கிடக்கிற நம் மீன் வறுவல் கடைக்குள் உட்கார்ந்து பேசினார். கொழுந்தனார் குழந்தைவேலுவும் இருந்தார்.

“தண்ணி இல்லன்னா அதுங்களால உயிரோட இருக்க முடியாதுக்கா. அதனாலதான் அணையில ஒரு சொட்டு வெளிய விடாம அடைச்சு வச்சிருக்கு. கீழ் மதகைத் தொறந்துட்டா போதும். கோடைத் தண்ணி, கொஞ்சமாத்தான் இருக்கு. மூணு நாள்ல காலியாயிடும்.”

“கரண்டு இல்லயேம்மா.”

“கையால சுத்தற சக்கரம் இருக்கே. அர்த்தனாரி அண்ணன் உங்ககிட்ட சொல்லிருப்பாரே.”

சொல்லாமல் என்ன? அந்தச் சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுவிட்டு வந்து, தோள் வலிக்கிறது என்று என்னைத்தானே தைலம் தேய்க்கச் சொல்வீர்கள். நாற்பது பேர் மாற்றி மாற்றிச் சுற்றினால் காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் கதவு ஏறும்.

ஆனால் மதகு அறைமேல் எந்நேரமும் கம்பளிகள் மூடிக்கொண்டு கிடக்கின்றன. காலையில் ஆள் எண்ணும்போது மட்டும் எல்லாம் சாலைக்கு வந்துவிடுகின்றன; எண்ணி முடிக்க மத்தியானமாகிவிடும். அப்போது மதகுப் பக்கம் ஈ காக்கை இருக்காது. ஆனால் அந்த நேரத்தில்தான் ஊர் மொத்தமும் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு ஆள் நகர்ந்தாலும் ரெண்டு பேர் போய்விடுவார்கள். நாற்பது பேர் நகர்ந்தால்?

மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார். குழந்தைவேலு, “வெச்சான் பாருங்க ஆப்பு” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

இதை எழுதாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. மேடத்தோடு சண்டை போட்டுவிட்டேன்.

“தண்ணியத் தொறந்துட்டா அந்தக் கூடு என்னாகும்?” என்று கேட்டேன்.

“விழுந்துடும்க்கா.”

“அதுக்குள்ள இருக்கறவிய?”

அவர் அணைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உங்கூட்டுல யாரயாவது தூக்கிட்டுப் போயிருந்தா இப்படி வாயத் தொறப்பியாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“எங்க வாப்பாவைத் தூக்கிட்டுப் போச்சுக்கா” என்றார். சேலத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த மனிதர். எனக்குத் தெரியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் மேலே இருக்கும்வரை அந்த மதகை யாரையும் தொடவிட மாட்டேன். இன்றைக்கும் ரெண்டு உருண்டை விழுந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

உங்கள் தம்பி இன்று ஊரைக் கொல்லப் பார்த்தார். களி ஒத்துக்கொள்ளாமல் நேற்றிலிருந்து அவருக்கு வயிற்றுப்போக்கு. வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று முகம் வெளுத்து, தோளிலிருந்த துண்டை எடுத்துத் தான் நின்ற இடத்தில் போட்டார். “எடத்தப் பாத்துக்கங்க, இதா வந்தர்றேன்” என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் புதருக்குள் ஓடிவிட்டார். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற புத்தி! கம்பளிக்கு முன்னால் போய் அதைக் காட்டினால்?

கம்பளி வந்தது. துண்டுக்கு மேலே ஒரு நொடி தொங்கியது. அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. யாரையும் தூக்கவில்லை!

திரும்பி வந்தவரைப் பிடித்து, “அறிவிருக்குதா உங்களுக்கு? உங்க அண்ணன் போனது பத்தலயா?” என்று கத்தினேன்.

“அண்ணி, அதுக்கு முன்னாடி என்ற வேட்டி போயிருக்குமுங்க” என்றார். சாலையே சிரித்தது. எத்தனை நாளாயிற்று இந்த ஊர் சிரித்து.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 11, சனி

ஏகாம்பரம் வாத்தியார், பாவி மனுஷன், நானும் பார்க்கிறேன் என்று இன்று செய்து பார்த்தார். மேடம் வேண்டாம், பொறுங்கள் என்று சொல்லியிருந்தார். “இவன் துண்டுக்கு இருக்கற மரியாதை என் துண்டுக்கு இல்லாமப் போயிருமா?” என்று துண்டைப் போட்டுவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

கம்பளி துண்டுக்கு மேலே வந்தது. நின்றது. அப்புறம் இந்தப் பக்கம் அவர் சம்சாரத்தைச் சுருட்டியது. அந்தப் பக்கம் ஜெயமணியை.

ஜெயமணி என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். “அக்கா” என்று கத்தினாள். நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. நகர்ந்தால் இன்னும் ரெண்டு பேர் போவார்கள். நின்றுகொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ரெண்டு உருண்டை. கொடுக்க ஆள் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

ஊரே ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குழந்தைவேலு துண்டு ஆளாக நின்றது. வாத்தியார் துண்டு ஏன் நிற்கவில்லை? அவனுக்கு குலதெய்வம் துணை இருந்தது என்கிறார்கள். வாத்தியார் வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு அழுகிறார்.

எனக்கு நேற்றிலிருந்தே தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. வாத்தியார் துண்டு வெளுத்து நீலம் போட்ட துண்டு. அந்த மனுஷன் தினம் துவைத்ததைத்தான் தோளில் போடுவார். உங்கள் தம்பி துண்டு பொங்கலுக்கு முன்னால் தண்ணீரைப் பார்த்தது. பக்கத்தில் வந்தாலே எனக்குக் குமட்டும்.

கம்பளிக்குக் கண் இல்லை. ஆள் வாடைதான் அதற்கு ஆள்.

அது தெரிந்ததும் கதவுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஆணியில் சட்டை தொங்கியது.

மத்தியானம் அதை எடுத்து மடித்தேன். நீங்கள் வேலைக்குச் சோறு கொண்டுபோகிற எவர்சில்வர் தூக்கு இருக்கிறதே, தலைகீழாகக் கவிழ்த்தாலும் ரசம் சிந்தாது என்று பீற்றிக்கொள்வீர்களே, அதற்குள் வைத்து மூடியை அழுத்தி இறுக்கினேன். இப்போது வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். ரெண்டு போடு சாமி. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ரெண்டு போடு.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஒன்று.

ஏப்ரல் 15, புதன்

நேற்று சித்திரை ஒன்று. வருடப் பிறப்பு அன்றைக்கும் என் வாசலில் ஒற்றை உருண்டைதான் விழுந்தது. ராத்திரியெல்லாம் கத்திக் கத்தி அழுதேன், தொண்டை கட்டிவிட்டது. ஒன்றரை மாதமாகச் சட்டைக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் நான் பொட்டு வைத்துக்கொண்டு, அலமாரியைத் துடைத்து, அவர் வந்தால் என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு இருந்தேன். ஜெயமணியிடம் வாய் கிழியப் பேசினேன். அவள் துணியை அலசிப் போட்டாள், அவளுக்கு ஒன்று. நான் போடவில்லை, எனக்கு ரெண்டு. அவ்வளவுதான் விஷயம்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. தூக்கைத் திறந்து சட்டையை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டால் நாளைக்கு ரெண்டு விழும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஜெயமணி “அக்கா” என்று கத்தியது காதைவிட்டுப் போகவில்லை.

காலையில் மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

“எங்க வீட்டுல என் அழுக்குத் துணி மூட்டையாக் கெடக்குக்கா. ஆனா எனக்கு ஒரு உருண்டைதான் வருது.”

“ஒரே வாடதானம்மா. ஒரு வாடைக்கு ஒரு ஆளு. வாசல்ல களி போடறதும் அப்படித்தான், வரிசையில எண்றதும் அப்படித்தான்.”

“அப்ப வரிசையில அவங்கவங்க அழுக்குத் துணியைப் போட்டுட்டு நாற்பது பேரு மதகுக்குப் போகலாம்.” அவர் எழுந்து நின்றுவிட்டார். “ஆடு மாடு மாதிரிதான் நம்மள நெனச்சிருக்குக்கா. ஆடு தன் தோலைக் கழட்டி வச்சுட்டுப் போகாதில்ல? நாம போவோம்னு அதுங்களுக்குத் தோணவே இல்ல.”

போகலாமா என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்க வேண்டியது இல்லை, இருந்தாலும் கேட்டார். போங்கள் என்றேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ஊர் நாறுகிறது. மதகுக்குப் போகிறவர்கள் யாரும் குளிக்கக் கூடாது, போட்ட துணியை மாற்றக் கூடாது என்று மேடம் உத்தரவு. இந்தச் சித்திரை வெயிலில்! வரிசையில் நின்றால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழந்தைவேலு மட்டும் ராஜா மாதிரி நடக்கிறார். “நாஞ் சின்ன வயசுல இருந்தே பயிற்சி எடுத்தவனுங்க அண்ணி” என்கிறார். அவர் அண்ணன் இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பார்.

நான் மதகுக்குப் போகவில்லை. துணிகள் கிடக்கிற இடத்தில் நடுநடுவே ஆள் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேடத்தின் இடத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 24, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வரிசைக்குப் போகும்போது தூக்கை எடுத்துக்கொண்டேன். வீடு திரும்புவோமா மாட்டோமா தெரியாது. வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

அங்கங்கே நாற்பது பேர் துண்டும் சட்டையும் சேலையும் தாங்கள் நின்ற இடத்தில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினார்கள். மேடம் தன் மஞ்சள் ஷாலை எனக்கும் வாத்தியாருக்கும் நடுவில் போட்டார். “இடத்தப் பாத்துக்கங்கக்கா” என்று குழந்தைவேலு மாதிரியே சொல்லிக் கண்ணடித்தார். சின்னப் பிள்ளை.

கம்பளிகள் கிழக்குக் கோடியில் எண்ண ஆரம்பித்தன. முதல் கம்பளி ஒரு துண்டைத் தாண்டியது. ஒரு சேலையைத் தாண்டியது. எல்லாம் ஆளாகவே நின்றன. எங்கள் தெருவுக்கு வர நேரம் இருந்தது. அப்போது அணையிலிருந்து கோடைக்காற்று ஒன்று வீசியது பாருங்கள். லேசான ஷால், கல்லுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு எழுந்தது. நான் கையை நீட்டினேன். விரலில் பட்டது, பிடிபடவில்லை. கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தண்ணீரில் விழுந்துவிட்டது.

எனக்கும் வாத்தியாருக்கும் நடுவில் வெறும் தார்.

நாங்கள் ரெண்டு பேரும் போவது பெரிதில்லை. எங்களைச் சுருட்டிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும்போது அது மதகுக்கு மேலாகத்தான் போக வேண்டும். கீழே நாற்பது பேர் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிற கம்பளி எல்லாம் அங்கே பாயும்.

வாத்தியார் சன்னமாகச் சொன்னார், “போகட்டும்மா. நானும் அவகிட்டயே போயிர்றேன்.”

“கீழ நாப்பது பேரு இருக்காங்க வாத்தியாரே. வாய மூடிட்டு நில்லுங்க” என்றேன்.

என் முந்தானையைக் கிழித்துப் போட்டால் ஆகாது. என் வாடைக்கு நான் நிற்கிறேன். வரிசையில் இருக்கிற யார் துணியைப் போட்டாலும் ஆகாது. வரிசையில் நிற்காத ஆளின் வாடை அந்தச் சாலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் கையில் இருந்தது.

மூடி லேசில் திறக்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். திறந்ததும் குப்பென்று முகத்தில் அடித்தது. வியர்வை, கிரீஸ், பீடி. பீடியை விட்டுவிட்டேன் என்று என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தவர். சட்டையை விரித்துத் தாரில் போட்டு, ஓரத்தில் தூக்கை வைத்தேன்.

கம்பளி வந்தது. என் தலைக்கு மேலே குளிர்ந்தது. சட்டைக்கு மேலே நகர்ந்தது, நின்றது. மற்ற துணிகளுக்கு நின்றதைவிட ரொம்ப நேரம் நின்றது. அதிலிருந்து கொழகொழவென்று ஏதோ சட்டைமேல் சொட்டிக்கொண்டே இருந்தது. ‘இவர்தான், இவர்தான், என் வீட்டுக்காரர்தான், எண்ணிக்கொண்டு போ’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

எண்ணிக்கொண்டு போய்விட்டது.

அப்புறம் எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் உச்சிக்கு ஏறும்போது காலுக்கு அடியில் சாலை நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் பாசனத்துக்குத் திறக்கும்போது மீன் சட்டி அடுப்பில் கிணுகிணுக்கும். கீழே ஆற்றில் தண்ணீர் இடிமாதிரி விழுகிற சத்தம் கேட்டது.

கம்பளிகள் எண்ணிக்கையை விட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் பாய்ந்தன. ஓட்டையில் துணி திணிப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக மதகை அடைக்கப் பார்த்தன. தண்ணீர் விடுமா? ஒவ்வொன்றாக உறிஞ்சி இழுத்து அந்தப் பக்கம் பாறைமேல் விசிறியடித்தது. சித்திரை வெயிலில் காய்ந்த பாறை. நாங்கள் கைப்பிடிச் சுவரில் தொற்றிக்கொண்டு பார்த்தோம். சுருண்டன. நொறுங்கின. ஊரே ஊளையிட்டது. வாத்தியார் சாலையில் குப்புறப் படுத்து அழுதார்.

நான் சட்டையை எடுத்துப் பார்த்தேன். முழுக்கக் கம்பளியின் கொழகொழப்பு. அழுகின மீன் நாற்றம். அவர் வாடை எங்கேயும் இல்லை.

ஏப்ரல் 27, திங்கள்

மூன்று நாளாக எல்லாரும் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தோம். இன்று மத்தியானம் வேர் தண்ணீரைவிட்டு வெளியே வந்து, கூடு சேற்றில் விழுந்தது. மண் அதிர்ந்தது.

குழந்தைவேலுவும் இன்னும் சிலரும் கயிறு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். குளவிக்கூடு மாதிரி வெறும் ஓட்டைதானாம். உள்ளே யாரும் இல்லை. யாரையும் உள்ளே வைத்திருந்த அடையாளமே இல்லையாம்.

என்னிடம் அதைச் சொல்ல வந்தவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

மே 1, வெள்ளி

தெற்கே ரெண்டு அணை தள்ளி ஒரு ஊரிலிருந்து நாலு பேர் நடந்தே வந்திருக்கிறார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க. அவர்கள் அணையிலும் கூடு தொங்குகிறதாம், அங்கேயும் வரிசைதானாம். குழந்தைவேலு நம் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுக்குத் துண்டு போடுவது எப்படி என்று பாடம் நடத்துகிறார். “தொவைக்காத துண்டுங்க, அதான் சூட்சுமம்” என்று இதோடு பத்துத் தரம் சொல்லிவிட்டார். ரிஸ்வானா மேடம் நாளைக்கு அவர்களோடு கிளம்புகிறார். அங்கிருந்து இன்னொரு ஊருக்குப் போவாராம். “ஒவ்வொரு அணையாத் தொறந்துடலாம்க்கா” என்றார். திறந்துவிடுவார். அந்தப் பெண்ணை இனி யாரும் தடுக்க முடியாது.

அணைத் தரை காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து ஊர் ஜனங்கள் சேற்றில் இறங்கி அவரவர் ஆளைத் தேடுகிறார்கள். மேடம் தன் வாப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். ஜெயமணியும் சம்முவமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்களாம். யார் செய்த கருணையோ.

பத்து மணிக்குக் குழந்தைவேலு வந்து வாசலில் நின்றார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

“அண்ணி, படித்துறைக்கு நேராத்தானுங்க. ஒத்தக் கால்ல செருப்பில்ல. இன்னொண்ணு நீல வாருங்க.”

“அதுலயும் ஊக்கு குத்திருக்குமே” என்றேன்.

“ஆமாங்க.”

“சேத்தக் கழுவி வெய்யுங்க. அரை மணி நேரத்துல வர்றேன்.”

கிணற்றடிக்குப் போய் உங்கள் பச்சைக் கட்டம் போட்ட சட்டையைத் துவைத்தேன். எடுத்து வைத்திருந்த கடைசி முழுச் சோப்பையும் போட்டேன். காலரைத் தேய்த்தேன், கைக்கிரீஸைக் கல்லில் உரசி எடுத்தேன், மூன்று தண்ணீர் அலசினேன். இந்த வெயிலுக்கு நொடியில் காய்ந்துவிட்டது. மடித்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசம் மட்டும்தான் வந்தது.

வெளியே கிளம்பும்போது உங்களுக்குச் சட்டை இப்படி இருந்தால்தானே பிடிக்கும்.